டிராக்டருக்கு ஏர் பூட்டுதல்

உழவைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எத்தனை சால் உழ வேண்டும், எந்த மாதத்தில் உழ வேண்டும், எந்த டிராக்டருக்கு எத்தனை குதிரைச் சக்தி என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் உழுவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். கலப்பையைக் கொண்டு வந்து பூட்ட வேண்டும். அதைப் பற்றி யாரும் விஸ்தாரமாக எழுதி நாம் பார்த்ததில்லை. எழுதத் தகுந்த விஷயமே அல்ல என்று எண்ணி விட்டார்கள் போலும். நாமோ பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர். பிறர் எழுதத் தகாது என்று ஒதுக்கிய விஷயங்களில்தான் நமக்குச் சபலம் அதிகம்.

மாட்டுக்கு ஏர் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் வாசகர்களில் இன்னும் சிலர் இருப்பார்கள். பழகிய மாடாக இருந்தால், நுகத்தடியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தானாகவே வந்து கழுத்தைக் கொடுக்கும். பூட்டாங்கயிற்றை மாட்டி, ஏர்க்காலை நுகத்தடியோடு வடம் போட்டுக் கட்டினால் தீர்ந்தது. நுகத்தடி இரண்டு விரற்கடை கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. மாடு ஓர் அடி முன்னே வைக்கும். அல்லது தலையைச் சற்றே சாய்த்துக் கொள்ளும். கயிறும் இளகிக் கொடுக்கும். நமது பாட்டனார் காலத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் தனியாக ஏர் பூட்டினார்கள் என்றால், அதற்குக் காரணம் பையன்களின் சாமர்த்தியம் மட்டுமல்ல. பூட்டப்படுகிற பிராணியும் கட்டுகிற கயிறும் பையனுடைய குறைகளைத் தாமே ஈடு செய்து கொண்டன.

இரும்புக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. துளையும் முளையும் நேருக்கு நேர் வந்தால் நுழையும். கால் அங்குலம் தள்ளி நின்றால் நுழையாது. கெஞ்சினாலும் நுழையாது; உதைத்தாலும் நுழையாது.

பட்டணத்து வாசகர்களுக்காக அமைப்பைச் சிறிது விளக்கி விடுகிறோம். டிராக்டரின் பின்புறத்தில், இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே, மூன்று இரும்புக் கைகள் நீட்டிக் கொண்டிருக்கும். கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழுள்ளவற்றை லிங்க் என்றும் மேலுள்ளதை டாப் லிங்க் என்றும் உழவர்கள் சொல்கிறார்கள். கீழ் லிங்க் ஒவ்வொன்றின் நுனியிலும் துளையிட்ட ஓர் எஃகுக் குண்டு உண்டு. கலப்பையின் சட்டத்தில் இடமும் வலமும் ஒவ்வொரு முளை துருத்திக் கொண்டிருக்கும். குண்டை முளையில் ஏற்றி, அது கழன்று விடாமல், வண்டிச் சக்கரத்துக்குப் போடுவதுபோலக் கடையாணி போட வேண்டும். டாப் லிங்க் திருகுள்ள கை. திருகினால் நீளும், குறுகும். அதன் நுனியைக் கலப்பையின் உச்சியில் சேர்க்க வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகு ஆசனத்தருகே உள்ள நெம்புகோலை நகர்த்தினால், எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பை முழுதும் தரையை விட்டு எழும்பும். மூன்று புள்ளிகள் சேர்ந்தால் முக்கோணம். முக்கோணச் சட்டம் உருக்குலையாது என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த சங்கதி.

இந்த முக்கோணத்தை உழவுக்குக் கொண்டு வந்தவர் ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர். 1884-ஆம் வருஷம் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல் யந்திரங்களின் பக்கம் போனார். 1909-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, தாம் செய்த விமானத்தில் தாமே ஏறிப் பறந்து, அயர்லாந்தில் முதன் முதலாக விமானம் ஓட்டியவர் என்று பெயர் வாங்கினார். ஆகாயத்தில் பறந்தவரை மறுபடியும் மண்ணுக்கு இழுத்து வந்தது முதல் உலக யுத்தம். யுத்த காலத்து உணவு நெருக்கடியில் டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பு 1917-ல் அவரிடம் வந்தது.

அக்காலத்து டிராக்டர், மாடு இழுத்த மாதிரியே கலப்பையைத் தன் வாலில் கட்டி இழுத்துச் சென்றது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக் கொண்டால் மாடு நின்று விடும். யந்திரம் நிற்காது. பின்சக்கரங்கள் நகர முடியாமல் நிற்க, முன்புறம் மேலே எழும்பி, ஓட்டுகிறவன் மீதே மல்லாந்து விழும். இப்படி உயிர் இழந்தவர்கள் பலர். பெர்குசன் டிராக்டரையும் கலப்பையையும் இரண்டாகக் கருதாமல் ஒன்றாகக் கருதினார். 1926-ல் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பே கருவிகளை டிராக்டரோடு பூட்டுவதையும், உழவின் ஆழம் தானே ஒழுங்குபடுவதையும் பற்றியது. பூட்டுதல் முதலில், ஆழம் அப்புறம். அந்த வரிசையைக் கண்டு நமக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை உண்டாயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் நாவல் போன்றது. 1938-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டோடு கை குலுக்கினார். அதுதான் ஒப்பந்தம், எழுத்து ஒன்றும் கிடையாது. மறு வருஷமே அந்தக் கை குலுக்கலிலிருந்து டிராக்டர் பிறந்தது. போர்டின் பேரர் காலத்தில் உறவு முறிந்து, வழக்கு நடந்து, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இதற்கிடையில் 1946-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் பெர்குசனின் சாம்பல் நிறச் சிறு டிராக்டர் வெளிவரத் தொடங்கி, பத்து வருஷத்துக்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தது அந்த டிராக்டர்களில்தான். நமது ஊர்ச் சேற்றில் அவை இறங்க அஞ்சாததில் என்ன ஆச்சரியம்? 1953-ல் பெர்குசனின் கம்பெனி மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. அந்த வம்சத்து டிராக்டர்களைச் சென்னைச் செம்பியத்தில் செய்வதற்கென்று 'டாபே' கம்பெனி 1960-ல் ஏற்பட்டது. பெர்குசன் காலமானதும் அதே வருஷத்தில்தான். இன்று எந்தக் கம்பெனியின் டிராக்டரைப் பார்த்தாலும், பின்புறத்தில் அவருடைய மூன்று கைகள் நீண்டிருக்கின்றன.

அப்படியானால் பூட்டுவதில் கஷ்டம் ஏன் வந்தது? அந்த நாளில் சமதரையில் நின்ற சிறு கலப்பையை ஓர் ஆள் முழங்காலால் தள்ளியே முளைக்கு நேரே கொண்டு வந்து விடலாம். இரும்பு இணங்காவிட்டாலும் மனிதன் அதை நகர்த்தினான். இப்போது நஞ்சையில் கலப்பைகளுக்கெல்லாம் அரசாக இருப்பது ரோட்டவேட்டர். ஐந்தடி அகலமுள்ள ரோட்டவேட்டர் 300 கிலோவுக்குக் குறையாது. அதைத் தள்ளுவதென்பது தேர் இழுக்கிற காரியம். ஆகவே டிராக்டர்தான் அதற்கு நேரே கால் அங்குலம் பிசகாமல் வந்து நிற்க வேண்டும். புது டிராக்டர்கள் பலவற்றில் இதற்கு உபாயம் செய்து வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துப் பழைய டிராக்டரில் கைகள் விறைத்த கைகள். திருகுகள் துருப்பிடித்தவை. குண்டுகள் தேய்ந்தவை.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நமது அண்ணியாரால் தெரிந்தது.

ஒரத்தநாட்டுப் பக்கம், புதாற்றுப் பாசனத்தில் நமது குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் உண்டு. கல்லணைக் கால்வாயைத்தான் அங்கே புதாறு என்கிறார்கள். தமையனார் அந்த நிலத்தைப் பயிரிட்டு வந்தார். 1994-ல் ஒரு டிராக்டர் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே அவசியமில்லை. நாம் சொல்லப் போவது அந்தக் காலத்து வண்டி எதற்கும் பொருந்தும். மூன்று வருஷத்துக்கு முன் அவர் காலமானார். அண்ணியாருக்கு வயது ஐம்பத்து மூன்று. டிராக்டர் ஓட்டத் தெரியும். தமையனாரே கற்றுக் கொடுத்திருந்தார். வரப்பு ஓரத்தில் திருப்புவதைப் பார்த்தால், பஸ் ஓட்டுகிறவர்கள் கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். ஆனால் ரோட்டவேட்டரைப் பூட்ட மாத்திரம் அவரால் தனியாக முடியவில்லை.

தமையனார் இருந்த வரையில் அவர் ஆசனத்தில், அண்ணியார் பின்புறம். "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… போதும்" என்று சொல்லிக் குண்டைப் பிடித்து முளையில் ஏற்றுவது அண்ணியார் வேலை. அவர் போன பின் அந்த இரண்டாம் ஆளுக்காக ஒரு டிரைவரை அமர்த்த வேண்டியதாயிற்று. பூட்ட வருகிறவர் ஓட்டாமல் போவாரா? அவரே ஓட்டினார், ஒரு நாள் கூலி வாங்கிக் கொண்டார். அவர் வருகிற நாள்தான் உழவு நாள். மேட்டூர் திறந்து, புதாற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நமது மடைக்குத் தண்ணீர் வரும் நாட்களில் சேறடித்தாக வேண்டும். தவறினால் அடுத்த முறை வருமட்டும் நாற்று முற்றிக் கொண்டிருக்கும். போன வருஷம் தண்ணீர் வந்த இரண்டு நாளும் டிரைவர் வரவில்லை. வேறு ஊரில் கல்யாணமாம். டிராக்டர் கொட்டகையில் இருந்தது. ரோட்டவேட்டர் பத்தடி தள்ளி இருந்தது. ஓட்டத் தெரிந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

சொந்தக்காரர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். டிராக்டரை விற்று விடலாம், நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், பெண்ணுடன் திருச்சியில் போய் இருக்கலாம் என்று ஆளுக்கொன்று. யோசனைக்குக் கூலி கிடையாதல்லவா? அண்ணியார் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்து விட்டு நமக்குச் சொல்லியனுப்பினார். போனோம்.

"தம்பி, நீங்க பசங்களுக்கு நெம்புகோல், கப்பி எல்லாம் பாடம் சொல்றீங்களே, இந்த அரை அங்குலத்துக்கு ஒரு வழி சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லி விட வேண்டும். அதே வருஷம் நமது வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் மாணவன் ஒருவன், வலது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டுக் கொண்டு வந்தான். தகப்பனார் டிராக்டரைப் பின்னுக்கு விட, இவன் லிங்க்கைப் பிடித்துக் கொண்டு நின்றிருக்கிறான். கிளட்சில் தகப்பனாரின் சேற்றுக் கால் வழுக்கியது. விரல்கள் நசுங்கியதோடு போயிற்று. மார்பு அகப்பட்டிருந்தால் பையன் இருக்க மாட்டான். ஓடுகிற எஞ்சினுக்கும் கருவிக்கும் நடுவில் ஒருவரை நிறுத்துகிற எந்த முறையும் நமக்குச் சம்மதமில்லை. இரண்டாம் ஆளே இல்லாமல் பூட்ட முடிந்தால் அது அண்ணியாருக்குச் சௌகரியம் மட்டுமல்ல என்று அன்று பட்டது.

நாம் முதலில் பார்த்தது டிராக்டரை அல்ல, தரையை. ரோட்டவேட்டர் நின்ற இடம் ஒரு பக்கம் பள்ளம். உழவு முடிந்ததும் எங்கே கழற்ற வசதியோ அங்கே கழற்றிப் போடுவது ஊர் வழக்கம். மண்ணில் ஒரு பக்கம் அமிழ்ந்து கோணிக் கொண்டு நிற்கும் கருவியை மறு மாதம் பூட்டப் போனால், இரண்டு முளைகளும் இரண்டு உயரத்தில் இருக்கும். பூட்டுவதில் பாதி, கழற்றும்போதே நடந்து விடுகிறது. ஆகவே கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய களத்துச் சிமெண்டுத் தரையில் ரோட்டவேட்டருக்கும், ஒன்பது கலப்பைக்கும் நிரந்தரமாக இடம் வகுத்தோம். பனங்கட்டைகளை அளவாக அறுத்து ரோட்டவேட்டரின் அடியில் இரு பக்கமும் வைத்தோம். கீழ் லிங்க்குகள் சாதாரணமாக நிற்கும் உயரத்துக்கு முளைகள் சரியாக வரும்படி கட்டையின் கனத்தை நிச்சயித்தோம். பிறகு டிராக்டரை ஒரு தடவை மிக நேராகக் கொண்டு வந்து நிறுத்தி, பின்சக்கரங்கள் உருண்ட வழியைத் தரையில் வெள்ளைச் சாயத்தால் இரண்டு கோடுகளாக இழுத்து விட்டோம். கோட்டின் மேல் சக்கரம் வந்தால் டிராக்டர் நேராக வருகிறது. கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்துக் குத்துமதிப்பாக வர வேண்டியதில்லை. இதற்குச் செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

அடுத்தபடி துரு. டாப் லிங்க்கின் திருகையும், வலது பக்கத் தூக்குக் கம்பியில் உள்ள சுழல் பிடியின் திருகையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் துடைத்துக் கிரீஸ் வைத்தோம். தேய்ந்த கடையாணிகளை எறிந்து விட்டுப் புதியவை வாங்கி, ஒவ்வொன்றையும் சிறு சங்கிலியால் அதனதன் இடத்திலேயே கட்டி விட்டோம். சேற்றில் விழுந்த கடையாணியைத் தேடிய நேரத்தையெல்லாம் கூட்டினால், தமையனார் ஆயுளில் ஒரு மாதம் தேறும்.

வலது பக்கச் சுழல் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் வலது லிங்க்கை மட்டும் அந்தப் பிடியைச் சுழற்றி ஏற்றலாம், இறக்கலாம். இடது லிங்க்குக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் இடது பக்கத்தை முதலில் மாட்ட வேண்டும். வலது பக்கத்தை இரண்டாவதாக, உயரத்தைச் சரி செய்து மாட்ட வேண்டும். டாப் லிங்க் கடைசி. கழற்றும்போது டாப் லிங்க் முதலில், பிறகு வலது, கடைசியில் இடது. அசையாததை முதலில் முடித்துக் கொண்டு, அசைவதைக் கொண்டு மிச்சத்தை ஈடு கட்டுவது. வலமே மங்களம் என்று வலது பக்கத்தில் தொடங்குகிறவர்கள் ஊரில் பலர். மங்களமெல்லாம் சரி, முளை நுழையாது.

இவ்வளவு செய்தும், முன்னும் பின்னுமாக ஓர் அங்குலம், அரை அங்குலம் பிசகுவது நிற்கவில்லை. இரண்டு குண்டும் ஒரே சமயத்தில் இரண்டு முளைக்கும் நேரே வருவதென்பது கிரகணம் பிடிப்பது மாதிரி. இங்கேதான் புது டிராக்டர்களில் உள்ள உபாயத்தைக் கடன் வாங்கினோம். நீளும் லிங்க் என்று ஒன்று உண்டு. லிங்க்கின் நுனி உறைக்குள் கத்தி மாதிரி உள்ளே செருகியிருக்கும். ஒரு நாக்கைத் தூக்கினால் நுனி சில அங்குலம் வெளியே நீண்டு, பக்கவாட்டிலும் சற்று அசையும். டிராக்டர் ஏறக்குறைய அருகில் வந்து நின்றால் போதும். எஞ்சினை அணைத்து விட்டு இறங்கி வந்து, நுனியை இழுத்து முளையில் ஏற்றிக் கடையாணி போடலாம். இரு பக்கமும் ஆன பிறகு மறுபடி ஏறி டிராக்டரை மெள்ளப் பின்னுக்கு விட்டால், நீண்ட நுனிகள் தாமாக உள்ளே போய், நாக்கு விழுந்து, 'டக்'கென்று பூட்டிக் கொள்ளும். மாடு ஓர் அடி முன்னே வைத்துக் கழுத்தைக் கொடுத்ததே, அந்த இணக்கத்தை இரும்புக்குக் கற்பித்தவர் யாரோ தெரியவில்லை, மகானுபாவர்.

பட்டறை மேஸ்திரி, இருக்கிற லிங்க்கையே நடுவில் அறுத்து, குழாய் வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். கெட்டிக்காரர், செய்தும் இருப்பார். நாம் சம்மதிக்கவில்லை. லிங்க் என்பது காய்ச்சி அடித்த எஃகு. 300 கிலோவைத் தூக்கிக் கொண்டு வரப்பில் குதிக்கிற கை அது. அதை அறுத்து ஒட்டினால், ஒட்டிய இடத்தை அடுத்து எஃகின் பதம் கெட்டு விடும். ஒரு நாள் அங்கேதான் முறியும். ஆகையால் தஞ்சாவூரில் உதிரிச் சாமான் கடையில் சொல்லி, முழு லிங்க்காகவே ஒரு ஜதை தருவித்தோம். பின்சக்கரத்து டயர் ஒன்றின் விலைக்குள் அடங்கிற்று. வாங்குமுன் மூன்றை அளந்து பார்க்க வேண்டும். மூடிய நிலையில் நீளம் பழைய லிங்க்கோடு ஒத்திருக்க வேண்டும். டிராக்டரோடு சேரும் முனையின் துளை ஒத்திருக்க வேண்டும். மறு முனைக் குண்டின் துளை நமது கருவிகளின் முளைக்குப் பொருந்த வேண்டும். சிறிய டிராக்டர்களுக்கு முதல் வகை. அதில் கீழ் முளை 22 மில்லிமீட்டர் கனம், மேல் முளை 19. பெரியவற்றுக்கு இரண்டாம் வகை. அதில் 28-ம் 25-ம். நமது வண்டி முதல் வகை.

முக்கோணச் சட்டம் ஒன்றை டிராக்டரில் நிரந்தரமாக மாட்டி வைத்து, கருவிகளில் அதற்கேற்ற கூடு ஒட்டி, இறங்காமலே பூட்டும் முறையும் ஐரோப்பாவில் வழக்கத்தில் இருக்கிறது. பார்க்க மிக அழகு. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் கூடு செய்ய வேண்டும். கருவி சில அங்குலம் பின்னால் தள்ளிப் போகும். அதனால் கனமான ரோட்டவேட்டரைத் தூக்கும்போது சிறு டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி விடும். தினம் நாலு கருவி மாற்றுகிற பெரிய பண்ணைக்கு அது தகும். நாலு ஏக்கருக்கு நீளும் லிங்க் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறோம். ரோட்டவேட்டர் வெறுமே இழுபடுகிற கருவி அல்ல. அதன் கத்திகளை டிராக்டரே சுழற்ற வேண்டும். அதற்காக டிராக்டரின் பின்புறத்திலிருந்து பி.டி.ஓ. என்னும் ஒரு தண்டு வெளியே நீண்டிருக்கும். அதையும் ரோட்டவேட்டரையும் இணைப்பது, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் ஷாப்ட். பி.டி.ஓ. தண்டில் ஆறு பற்கள். ஷாப்டின் வாயை அந்தப் பற்களில் ஏற்ற வேண்டும். அது ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது அநேகர் சுத்தியலை எடுக்கிறார்கள். சுத்தியல் வேண்டாம். பற்கள் ஆறு, வட்டம் 360 பாகை. எப்படி நின்றாலும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 30 பாகைக்குமேல் திருப்ப வேண்டிய அவசியமே வராது. இதைச் சொன்னதும் அண்ணியார், "அப்படின்னா இத்தனை நாள் முழுச் சுத்துச் சுத்தினது வீண்தானா?" என்று சிரித்தார். பற்களைத் துடைத்துக் கிரீஸ் வைத்து, ஒரு பல்லின் தலையிலும் ஷாப்டின் வாயிலும் சிவப்புப் புள்ளி வைத்து விட்டோம். புள்ளிக்குப் புள்ளி நேரே பிடித்தால் ஏறிவிடும்.

அந்தத் தண்டு வேலை செய்யும்போது நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது கண் மூடித் திறக்கும் ஒரு விநாடிக்குள் ஒன்பது சுற்று. வேஷ்டியின் நுனியோ, துண்டோ, புடவைத் தலைப்போ அதில் பட்டால், 'ஐயோ' என்று சொல்ல நேரம் இராது. ஒன்பது சுற்று சுற்றியாகிவிடும். ஷாப்டின்மேல் ஓர் உறை வரும். கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று அதை முதல் மாதத்திலேயே கழற்றிப் பரண்மேல் போட்டு விடுவது எங்கும் காண்கிற வழக்கம். நமது வீட்டுப் பரணிலும் அது இருந்தது. இறக்கிக் கழுவி மாட்டினோம். அண்ணியார் புடவையின்மேல் தமையனாரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக் கொண்டுதான் டிராக்டர் பக்கம் போவார். ஷாப்டைத் தொடுமுன் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி செய்து கொண்டார். அந்த விதி நாம் சொன்னதல்ல, அவரே செய்தது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் பரிசோதனைக்கு உபயோகிக்கும் கடிகாரத்தைக் கையில் வைத்துக் கொண்டு நாம் திண்ணையில் உட்கார்ந்தோம். கிட்டே போகவில்லை, போகக் கூடாது என்று உத்தரவு. அண்ணியார் கோட்டின்மேல் டிராக்டரைப் பின்னுக்கு விட்டார். எஞ்சினை அணைத்தார். சாவியைப் பையில் போட்டார். இடது நுனியை இழுத்து மாட்டினார்; வலது பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதையும் மாட்டினார். ஏறிப் பின்னுக்கு விட்டார். இரண்டு தரம் 'டக்' என்று கேட்டது. இரண்டு பக்கமும் நாக்கு விழுந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் விழாமல் தூக்கினால் கருவி கோணிக் கொண்டு ஆடும்; அதனால் காதால் கேட்டது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டாப் லிங்க், ஷாப்ட். ரோட்டவேட்டர் பனங்கட்டைகளை விட்டு எழும்பியபோது கடிகாரம் பதினொரு நிமிஷம் காட்டிற்று. முன்பு இரண்டு பேராக அரைமணிக்கும் மேல் ஆகும். இப்போது எட்டு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது.

இந்த வருஷம் மடைக்குத் தண்ணீர் வந்தது ஒரு புதன்கிழமை விடியற்காலை. நமக்குப் பள்ளிக்கூடம் இருந்தபடியால் போக முடியவில்லை. மத்தியானம் டெலிபோனில் கேட்டபோது, இரண்டு ஏக்கர் சேறடித்தாகி விட்டது என்றார். பழைய டிரைவர் ஒன்பது மணிக்கு வந்து பார்த்து விட்டு, வரப்பில் நின்று ஒரு பீடி குடித்து விட்டுப் போனாராம். "வாங்கண்ணே, நாத்துக்கட்டு ஏத்த டிரெய்லர் ஓட்டணும், நாளைக்கு வாங்க" என்று சொல்லியனுப்பினாராம். அவரும் மறுநாள் வந்தார் என்று கேள்வி.

பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் லிங்க் விலாசம் கேட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டை மட்டும் ஊரில் நாலைந்து பேர் உடனே போட்டுக் கொண்டார்கள். அதற்கு விலாசம் தேவையில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. மேட்டுப் புஞ்சையில் கோடை உழவுக்காக அண்ணியார் ஒரு பழைய சட்டிக் கலப்பை வாங்கியிருக்கிறார். அது பெரிய டிராக்டருக்குச் செய்தது. முளை 28 மில்லிமீட்டர். நமது குண்டின் துளை 22. முளை சிறுத்துத் துளை பெருத்திருந்தால் நடுவில் ஒரு வளையம் செருகிச் சமாளிக்கலாம், இது தலைகீழ். முளைகளையே கழற்றி, முதல் வகை முளைகள் போட வேண்டும். இரண்டு முளைகளுக்கும் நடுவிலுள்ள அகலமும் கூடுதல். அதையும் குறுக்க வேண்டும். முளைகள் திருகாணி போட்டு மாட்டியவையா, சட்டத்தோடு ஒட்டியவையா என்று பார்த்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறோம். திருகாணியாக இருந்தால் வருகிற சனிக்கிழமை மேஸ்திரியோடு போவதாக உத்தேசம்.